மின்சார ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

சிங்கப்பூரில் வீட்டுக்கு மின்சாரம் வாங்க இன்று மூன்று வழிகள் உண்டு. பழையபடி, மின்கம்பிக் கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடமே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் கட்டணத்தில் வாங்கலாம். சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அல்லது எஸ்பி வழியாகவே, அரை மணிக்கு ஒருமுறை மாறும் மொத்தச் சந்தை விலையில் வாங்கலாம். எதை எடுத்தாலும் வீட்டுக்கு வரும் கம்பி அதே கம்பிதான். மின்தடை ஏற்பட்டால் அழைக்க வேண்டியதும் எஸ்பியைத்தான். மின்சாரம் தயாரிக்கப் பயன்படும் எரிவாயுவின் விலை ஏறி இறங்கும்போது அந்தச் சுமையை நீங்கள் தாங்குகிறீர்களா, விற்பவர் தாங்குகிறாரா என்பதுதான் வழிக்கு வழி மாறுகிறது. கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றும் அந்தக் கேள்வியிலிருந்து பிறப்பதுதான்.

நான் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடுகளுக்கு இந்தத் தெரிவு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொழிற்சாலைகளுக்கு அது வந்துவிட்டது. எரிசக்திச் சந்தை ஆணையம் 2001இல் அமைந்தது. மொத்தச் சந்தை 2003 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. மாதம் எத்தனை யூனிட் எடுப்பவர் விற்பனையாளரைத் தாமே தேர்ந்தெடுக்கலாம் என்ற வரம்பு படிப்படியாக இறங்கி, 2015 ஜூலையில் 2,000 யூனிட்டுக்கு வந்தது. வீடுகளுக்கு 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் முன்னோட்டம் நடந்தது. பிறகு அந்த ஆண்டு நவம்பர் முதல் 2019 மே வரை அஞ்சல் குறியீட்டு வரிசைப்படி தீவு முழுவதும் திறந்துவிட்டார்கள். நான் வசிக்கும் ஈசூன் முதல் கட்டத்திலேயே வந்தது. வேலையில் இருந்த காலத்தில் மின்சார ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்துப் பழகியவன் என்பதால், அக்கம்பக்கத்தார் அன்று முதல் தங்கள் காகிதங்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பழைய பில்

விலைப் பட்டியலைத் திறக்கும் முன் உங்கள் வீட்டுக் கணக்கைத் திறந்து பாருங்கள். மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று தெரியாமல் எந்தத் திட்டத்தையும் எடைபோட முடியாது. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. கடந்த மாதங்களின் பயன்பாட்டை எஸ்பி செயலியில் பார்க்கலாம். ஒரு மாத பில்லை மட்டும் பார்க்காதீர்கள். பழைய வகை மீட்டர் உள்ள வீடுகளில் ஆள் வந்து அளவு எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட மாதத்தில் வருவது மதிப்பீடு. ஆகவே ஒரு மாதம் கூடுதலாகவும் அடுத்த மாதம் குறைவாகவும் தெரியலாம். பன்னிரண்டு மாதங்களைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே புழுக்கத்தில் ஏர்கான் ஓடியதும், டிசம்பர் மழையில் அது ஓய்ந்திருந்ததும் அந்தச் சராசரிக்குள் அடங்கிவிடும்.

அடுத்து, இப்போது நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். எஸ்பியின் கட்டணத்தில் நான்கு பகுதிகள் இருக்கின்றன: மின்நிலையங்களுக்குப் போகும் எரிசக்திச் செலவு, கம்பிவடக் கட்டமைப்புக்கான கட்டணம், மீட்டர் பார்த்து பில் அனுப்பும் சேவைக்கான கட்டணம், சந்தையையும் மின்கட்டமைப்பையும் இயக்குவதற்கான சிறு கட்டணம். இவற்றில் துள்ளுவது முதல் பகுதி. சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிவாயு விலைகளின் சராசரியை எடுத்துத்தான் அடுத்த காலாண்டின் எரிசக்திச் செலவைக் கணக்கிடுகிறார்கள். அக்டோபரில் எரிவாயு விலை எகிறினால் அந்த அடி ஜனவரியில்தான் நம் பில்லில் விழும். இந்த இடைவெளி உங்களுக்கு உதவும். உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறிக்கொண்டிருக்கிறது என்று செய்தியில் வந்தால், எஸ்பி கட்டணம் இன்னும் உயரவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அடுத்த காலாண்டில் அது வந்து நிற்கும்.

எந்த விலையை எந்த விலையோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். எஸ்பி கட்டணம் பொருள் சேவை வரிக்கு முன் ஓர் எண்ணாகவும், வரி சேர்த்து வேறோர் எண்ணாகவும் வெளிவரும். 2024இன் முதல் காலாண்டில் வரிக்கு முன் 29.79 காசு; ஒன்பது விழுக்காடு வரி சேர்த்தால் 32.47 காசு. விளம்பரத்தில் ஒரு நிறுவனம் 27 காசு என்று போட்டிருந்தால், வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலில் கேளுங்கள். சேர்க்காத 27 காசு, உங்கள் பில்லில் 29.43 காசாக வரும். இரண்டையும் வரி சேர்த்த எண்ணாக மாற்றிக்கொண்ட பிறகே ஒப்பிடுங்கள். திறந்த மின்சாரச் சந்தைக்கென ஆணையம் நடத்தும் இணையத்தளத்தில் விலை ஒப்பீட்டுப் பக்கம் இருக்கிறது. நிறுவனங்களின் விளம்பரத்தைவிட அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

நிலையான விலையா, தள்ளுபடியா

வீடுகளுக்கு விற்கப்படும் வழக்கமான திட்டங்கள் இரண்டு. ஒன்று நிலையான விலைத் திட்டம்: ஒப்பந்தக் காலம் முழுவதும் யூனிட்டுக்கு ஒரே விலை. மற்றொன்று தள்ளுபடித் திட்டம்: எஸ்பி கட்டணத்திலிருந்து இத்தனை விழுக்காடு குறைவு. இரண்டும் சிக்கனம் என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் இவை வேறு வேறு சரக்குகள்.

எங்கள் புளோக்கில் ஐந்தாம் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், கணவர் காலமான பிறகு தனியாக வாழ்கிறவர், ஒரு நாள் விளம்பரத் தாளுடன் வந்தார்.

"தம்பி, 22 விழுக்காடு தள்ளுபடி என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இனி என் பில் ஏறாது, இல்லையா?"

"ஏறும் அக்கா. எஸ்பி கட்டணம் ஏறினால் இதுவும் கூடவே ஏறும். எப்போதும் அதைவிட 22 விழுக்காடு குறைவாக இருக்கும், அவ்வளவுதான்."

அவருக்குப் பழைய எண்களைக் கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினேன். வரிக்கு முன் எஸ்பி கட்டணம் 2020இன் மூன்றாம் காலாண்டில் 19.60 காசு. 2022இன் மூன்றாம் காலாண்டில் 30.17 காசு. 22 விழுக்காடு தள்ளுபடி இருந்தால் முதலாவது 15.29 காசு ஆகும், இரண்டாவது 23.53 காசு ஆகும். தள்ளுபடி ஒரு விழுக்காடுகூடக் குறையாமலே விலை எட்டு காசுக்கு மேல் கூடியிருக்கிறது. அதே காலத்தில் 18 காசு என்ற நிலையான விலையில் ஒருவர் இருந்திருந்தால், 2020இல் தள்ளுபடிக்காரரைவிட அதிகம் கொடுத்திருப்பார். 2022இல் மிகக் குறைவாகக் கொடுத்திருப்பார்.

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு மாதா மாதம் ஒரே மாதிரி வந்தால் போதும், தம்பி. ஒரு மாதம் குறைந்து இன்னொரு மாதம் ஏறினால் எனக்குத் தாங்காது" என்றார். அவர் தமக்கான விடையைத் தாமே சொல்லிவிட்டார். சேமிப்பில் காலம் தள்ளுகிறவர்களுக்கும் மாதச் சம்பளத்தில் இழுத்துப்பிடித்து நடத்துகிறவர்களுக்கும் நான் நிலையான விலையைத்தான் பரிந்துரைக்கிறேன். ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் கையிருப்பு உள்ளவர்கள், கட்டணம் இறங்கும் என்று உறுதியாக நம்புகிறவர்கள் தள்ளுபடித் திட்டத்தை எடுக்கலாம். எரிவாயு விலை எப்போது இறங்கும் என்று கணிப்பது அந்தத் தொழிலிலேயே இருப்பவர்களுக்கும் கடினம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உச்ச நேரம், உச்சமல்லாத நேரம் என்று இரண்டு விலை வைக்கும் திட்டங்களும் வருகின்றன. இவற்றுக்கு அரை மணிக்கு ஒருமுறை அளவெடுக்கும் நவீன மீட்டர் தேவை. பகலில் வீடு பூட்டியிருக்கும், இரவில் ஏர்கான் ஓடும் என்றால் பயன் உண்டு. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நாள் முழுவதும் வீட்டிலிருக்கும் தாத்தா, பாட்டிக்கு இது வேண்டாம். மொத்தச் சந்தை விலைக்கும் இதே மீட்டர்தான் வேண்டும். அந்த விலையை நான் பட்டறைக்காக நாள்தோறும் பார்த்தவன். சாதாரண நாளில் மலிவாகத் தெரியும். ஒரு மின்நிலையம் எதிர்பாராமல் நின்றுபோனால் அடுத்த அரை மணியில் பல மடங்கு ஏறும். இயந்திரத்தை நிறுத்தி வைக்கக்கூடிய தொழிற்சாலைக்கு அது சரி. குளிர்பதனப் பெட்டியை யாரும் நிறுத்தி வைக்க முடியாது.

விற்பவரிடம் மின்நிலையம் இருக்கிறதா

2021ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் எரிவாயு விலை எகிறியது. இந்தோனீசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து குழாய் வழி வரும் எரிவாயுவிலும் குறைவு ஏற்பட்டது. இங்கே மொத்தச் சந்தையில் மின்சார விலை தாறுமாறாக ஏறியது. வீடுகளுக்கு யூனிட் இத்தனை காசு என்று ஓராண்டு, ஈராண்டு வாக்குக் கொடுத்திருந்த சில நிறுவனங்கள், அந்த வாக்கைக் காப்பாற்ற அதைவிட அதிக விலையில் மின்சாரம் வாங்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் ஐஸ்விட்ச் நிறுவனம் விலகுவதாக அறிவித்து நவம்பர் 11ஆம் தேதியுடன் சில்லறை விற்பனையை நிறுத்தியது. ஓம் எனர்ஜியும் அதே அக்டோபரில் வெளியேறியது. இவற்றுக்குச் சொந்த மின்நிலையம் கிடையாது. வேறு சிலவும் கடையை மூடின.

அப்போது எங்கள் புளோக்கில் பலர் கலங்கிப்போனார்கள். விற்பனை நிறுவனம் மூடப்பட்டால் விளக்கு அணைந்துவிடும் என்ற அச்சம். அப்படி நடக்காது. நடக்கவும் இல்லை. வேறொரு நிறுவனத்தைத் தேடிக்கொள்ளாத வீடுகள் எஸ்பியின் கணக்குக்குத் திரும்பின. ஒரு நொடிகூட மின்சாரம் நிற்கவில்லை. அவர்கள் இழந்தது பழைய மலிவு விலையை. எரிவாயு விலை ஏறினால் தாம் தாங்குவதாக விற்பவர் சொன்ன உறுதிமொழி, உண்மையிலேயே ஏறியபோது கைகொடுக்கவில்லை.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட விதி: நிலையான விலையை வாங்குவதாக இருந்தால், அந்த விலையைக் கடைசிவரை காப்பாற்றும் வலு உள்ளவரிடம் வாங்குங்கள். மின்நிலையம் வைத்திருக்கும் குழுமங்களின் சில்லறைப் பிரிவுகளை முதலில் பாருங்கள். ஜெனிகோ, வைடிஎல் பவர்செராயாவைச் சேர்ந்தது. கெப்பல், செனோக்கோ, துவாஸ் பவர், செம்ப்கார்ப், பசிபிக்லைட் ஆகியவற்றுக்கும் மின் உற்பத்தி உண்டு. உற்பத்தி கையிலிருந்தால் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் விலை ஏறும்போது வாங்குகிற பக்கத்தில் இழப்பவர், விற்கிற பக்கத்தில் ஓரளவு ஈடுகட்ட முடியும். வெறுமனே வாங்கி விற்பவருக்கு அந்த வழி கிடையாது. 2021க்குப் பிறகு ஆணையமும் சில்லறை நிறுவனங்களுக்கான விதிகளை இறுக்கியிருக்கிறது. அது நல்லது, உங்கள் விசாரணைக்கு அது மாற்று ஆகாது. யூனிட்டுக்கு அரைக் காசு குறைவாக இருக்கிறதே என்பதற்காக, பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனத்திடம் ஈராண்டு ஒப்பந்தமும் முன்பணமும் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தகவல் தாளை எப்படிப் படிப்பது

ஒப்பந்தம் போடும் முன் நிறுவனம் உங்களுக்கு ஒரு தகவல் தாளைத் தர வேண்டும். விதி அது. விலை, காலம், கட்டணங்கள் எல்லாம் சுருக்கமாக அதில் இருக்கும். விற்பனையாள் கைத்தொலைபேசித் திரையில் காட்டி, கீழே தள்ளிக்கொண்டே போய், "இங்கே தொட்டால் போதும்" என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். வாசலில் வந்து நிற்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். இன்று மட்டும்தான் இந்த விலை என்று அவசரப்படுத்துகிறவரிடம் நாளைக்கும் போடாதீர்கள்.

புதிதாக மணமான இளம் தம்பதி, வாடகை வீட்டில் இருப்பவர்கள், இந்தத் தாளுடன் கீழ்த்தளக் கல்மேசைக்கு வந்தார்கள். அது 2024இன் தொடக்கம். அவர்களுக்கு மாதம் ஏறக்குறைய 350 யூனிட். எஸ்பி விலை வரி சேர்த்து 32.47 காசு. ஒரு நிறுவனம் 24 மாதத்துக்கு 28.5 காசு சொல்லியிருந்தது.

"அங்கிள், மாதம் 14 வெள்ளி மிச்சம். ஈராண்டுக்கு 300 வெள்ளிக்கு மேல். உடனே போட்டுவிடலாமா?" என்றான் பையன்.

"உங்கள் புது வீட்டுச் சாவி எப்போது கிடைக்கும்?"

"அடுத்த ஆண்டு தொடக்கத்தில் என்று சொல்கிறார்கள்."

தாளில் நான் விரலை வைத்துக் காட்டிய இடம் விலைக்கு நாலு வரி கீழே இருந்தது. முன்கூட்டியே விலகினால் 150 வெள்ளி. ஓராண்டில் அவர்கள் மிச்சப்படுத்தக்கூடியது ஏறக்குறைய 167 வெள்ளி. விலகல் கட்டணத்தைக் கழித்தால் 17 வெள்ளிதான் மிஞ்சும். அதே நிறுவனத்தின் 12 மாதத் திட்டம் 28.9 காசு, யூனிட்டுக்கு வெறும் 0.4 காசு கூடுதல். அதில் ஓராண்டு முழுக்க மிஞ்சுவது 150 வெள்ளி, விலகும்போது யாருக்கும் கட்ட வேண்டியது எதுவுமில்லை. மலிவான விலை அவர்களுக்கு விலையுயர்ந்த திட்டமாக இருந்தது. பெண் அதை உடனே பிடித்துக்கொண்டாள். பையன் கைத்தொலைபேசியில் இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தான்.

ஆகவே தாளில் முதலில் பார்க்க வேண்டியது விலகல் கட்டணம். அது ஒரே தொகையா, மீதிக் காலத்தைப் பொறுத்துக் கூடிக் குறைவதா என்று பாருங்கள். வீடு மாறினால் அதே ஒப்பந்தத்தைப் புதிய முகவரிக்கு எடுத்துச் செல்லலாமா என்றும் கேளுங்கள். சில நிறுவனங்கள் சம்மதிக்கும், சில சம்மதிக்கா. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்கும் எண்ணம் இருப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வெளிநாட்டு வேலைக்குப் போகக்கூடியவர்கள் எல்லோருக்கும் குறுகிய காலமே பொருத்தம்.

அடுத்தது, விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது. கட்டமைப்புக் கட்டணம் முதலான எல்லாம் சேர்ந்த விலையா? வழக்கமான திட்டங்களில் சேர்ந்தே இருக்கும். வேறு வகைத் திட்டங்களில் தனியாக வரலாம். நிலையான விலை என்று எழுதியிருந்தாலும் வரி உயர்ந்தால் வரிப் பகுதி உயரும்; 2023இல் எட்டு விழுக்காடும் 2024இல் ஒன்பது விழுக்காடும் ஆனதை எல்லோரும் பார்த்தோம். மின்நிலையங்கள் போன்றவை வெளியிடும் கரிம வாயுவுக்கு விதிக்கப்படும் கரிம வரியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் தேடுங்கள். அந்த வரி டன்னுக்கு 2019இல் 5 வெள்ளியாகத் தொடங்கியது, 2024இல் 25 வெள்ளி ஆனது, 2026இல் 45 வெள்ளி. சட்டம் மாறினால் கூடுதல் செலவைப் பயனீட்டாளரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால், உங்கள் நிலையான விலை அந்த அளவுக்கு நிலையற்றது. பட்டறைக்காக நான் பேரம் பேசிய காலத்தில் இந்த ஒரு வாசகத்துக்காகவே மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். வீட்டுக்காரருக்குப் பேரம் பேசும் வாய்ப்பு இல்லை. அந்த வாசகம் இல்லாத நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாவதாக, ஒப்பந்தம் முடியும் நாளில் என்ன நடக்கும் என்பது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எஸ்பிக்குத் திரும்புவீர்களா, அதே நிறுவனத்தில் புதிய விலையில் தானாகவே தொடர்வீர்களா? பதில் தாளில் இருக்கும். மக்கள் அதிகப் பணம் இழப்பது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். தொடக்கத்தில் நல்ல விலைக்குச் சேர்ந்துவிட்டு, முடிவு நாளை மறந்து, அன்றைய விலை என்னவென்று பார்க்காமலே அடுத்த ஈராண்டுக்குள் போய்விடுகிறார்கள். நிறுவனம் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருக்கும்; அது விளம்பரங்களுக்கிடையே கிடக்கும்.

முன்பணம், தாமதக் கட்டணம், காகித பில்லுக்கான கட்டணம் போன்றவற்றையும் அந்தத் தாளிலேயே பார்த்துவிடுங்கள். இலவச ஃபேர்பிரைஸ் பற்றுச்சீட்டு, வங்கி அட்டைக்கு ரொக்கக் கழிவு என்று தருவதை ஒப்பந்த மாதங்களால் வகுத்து விலையோடு சேர்த்து எண்ணுங்கள். 24 மாதத்துக்கு 48 வெள்ளிப் பற்றுச்சீட்டு என்றால் மாதம் 2 வெள்ளி. அதற்காக யூனிட்டுக்கு ஒரு காசு கூடுதலாகக் கொடுத்தால், 350 யூனிட் ஓடும் வீட்டில் மாதம் மூன்றரை வெள்ளி போகிறது.

பில் யாரிடமிருந்து வரும்

இது சிறிய விஷயமாகத் தெரியும். முதியவர்களுக்கு இதுதான் பெரிய குழப்பம். சில நிறுவனங்களில் மின்சாரக் கட்டணம் வழக்கம்போல எஸ்பியின் ஒரே பில்லில் தண்ணீர், எரிவாயு, குப்பை அகற்றும் கட்டணத்தோடு சேர்ந்து வரும். சிலவற்றில் நிறுவனம் தனி பில் அனுப்பும்; எஸ்பி மற்றவற்றுக்கு மட்டும் அனுப்பும். இரண்டு பில், இரண்டு கெடு. யு-சேவ் கழிவு, அதாவது பயனீட்டுக் கட்டணத்துக்கு அரசு தரும் தள்ளுபடி, பெறும் குடும்பங்களுக்கு விற்பனையாளரை மாற்றினாலும் கழிவு நிற்காது. ஆனால் அந்தக் கழிவு எஸ்பி கணக்கில்தான் வந்து சேரும். தனி பில் அனுப்பும் நிறுவனமாக இருந்தால், அந்தக் கழிவை மின்சாரத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று சேரும் முன்பே இரு தரப்பிலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாடி அக்காவுக்கு நான் பார்த்துக் கொடுத்தது எஸ்பி பில்லிலேயே சேர்ந்து வரும் திட்டம். யூனிட்டுக்குச் சற்றே கூடுதல் விலைதான். ஒரே தாள், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஒரே ஜைரோ கழிப்பு. அவர் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

மாறும் வேலை

திட்டத்தை முடிவு செய்த பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. எஸ்பி கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீட்டில் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், அவர் சம்மதமின்றி வாடகைக்காரர் எதையும் மாற்ற முடியாது. அறை வாடகைக்கு இருக்கும் மாணவர்களும் ஊழியர்களும் இதில் கைவைக்க வேண்டாம். பில்லின் மேற்பகுதியில் உள்ள கணக்கு எண்ணைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிக்கு நீங்கள் தனியாக எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. மாற்றும் வேலையைப் புதிய நிறுவனமே செய்யும். வீட்டுக்கு யாரும் வந்து கம்பி மாற்ற மாட்டார்கள். அப்படி மாற்ற வேண்டும், அதற்குக் கட்டணம் என்று யாராவது கதவைத் தட்டினால் அவர் ஏமாற்றுக்காரர்.

எந்தத் தேதியிலிருந்து புதிய விலை என்று நிறுவனம் தெரிவிக்கும். அன்று காலையில் மீட்டர் பெட்டியைத் திறந்து, எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். பழைய பில்லுக்கும் புதிய பில்லுக்கும் இடையில் கணக்கு இடித்தால் அந்தப் படம் பேசும். முதல் இரண்டு பில்களை யூனிட், விலை, வரி என்று பெருக்கிச் சரிபாருங்கள். தள்ளுபடித் திட்டமானால் காலாண்டு மாறும் மாதத்து பில்லையும் பாருங்கள். ஒரே பில்லில் இரண்டு விலை வரலாம், அது தவறல்ல.

ஒப்பந்தம் முடியும் தேதியை அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பாக இன்னொரு குறிப்பு. இரண்டு மாதம் முன்பாகக் குறித்த அந்த நாளில் ஒப்பீட்டுப் பக்கத்தைத் திறந்து அன்றைய விலைகளைப் பார்த்து, இப்போதைய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, "வேறொருவர் இந்த விலை சொல்கிறார், நீங்கள் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பவருக்குக் கிடைக்கும் விலை சும்மா இருப்பவருக்குக் கிடைக்கும் விலையைவிடக் குறைவாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போதைய எஸ்பி கட்டணமே எல்லாவற்றையும்விடக் குறைவாக இருந்தால், தயங்காமல் எஸ்பிக்கே திரும்பிவிடுங்கள். அங்கே ஒப்பந்தக் காலமும் இல்லை, விலகல் கட்டணமும் இல்லை. அடுத்த நல்ல விலை வரும்போது மறுபடி வெளியே வரலாம்.

பில்லில் தகராறு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியிருந்தாலும் அதையே ஒரு மின்னஞ்சலாக எழுதிவிடுங்கள், தேதியும் பேசியவர் பெயரும் சேர்த்து. தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அங்கே உங்களிடம் கேட்கப்போவது தகவல் தாள், ஒப்பந்தம், பில்கள், நீங்கள் எழுதிய மின்னஞ்சல்கள். அவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். முதியவர்களாக இருந்தால் அச்செடுத்து, கோப்பின் மேல் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.